டீசல் பிக்கப்பும் அதன் உரிமையாளரும் – ஒரு பழுதுபார்ப்பு வரலாறு

முன்னுரை

முன்பக்கம் ஓட்டுநர் அறை, பின்பக்கம் திறந்த பெட்டி. இதுதான் பிக்கப் வண்டி. அமெரிக்காவில் இது வெறும் சரக்கு வண்டி அல்ல. விவசாயிக்கு அது மாட்டுத் தீவனம் சுமக்கும் வண்டி, கட்டடத் தொழிலாளிக்குக் கருவிப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்குக் கார். அதில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டபோது இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. வண்டியின் சொந்தக்காரரே அதன் மெக்கானிக்காகவும் இருப்பது என்பதே அது.

ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்தப் பழக்கம் எப்படி வளர்ந்தது, எங்கே முட்டிக்கொண்டது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எஞ்சினின் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தவரின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை.

டீசல் எஞ்சினின் குணம்

ருடால்ஃப் டீசல் 1893 இல் தம் எஞ்சினுக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். 1897 இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்துச் சாதாரண நீராவி எஞ்சின்கள் இதில் பாதியைக்கூட எட்டவில்லை.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைக் கடுமையாக அமுக்கினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் எஞ்சின் ஓட மூன்றே மூன்று விஷயங்கள் வேண்டும்: சுத்தமான காற்று, சரியான நேரத்தில் சரியான அளவு டீசல், போதிய அமுக்கம். டீசல் வண்டி கிளம்பவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது என்று பொருள். பழுது தேடும் கலை முழுவதும் இந்த அடிப்படையிலிருந்து பிறந்ததுதான்.

ஆரம்ப கால எஞ்சின்கள் மிகப் பெரிதாக இருந்தன. எரிபொருளைப் பீய்ச்சத் தனியாக ஒரு காற்று அமுக்கி தேவைப்பட்டதும் ஒரு காரணம். ராபர்ட் போஷ் நிறுவனம் 1927 இல் எரிபொருள் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு டீசல் எஞ்சின் லாரிகளில் பரவலாகி, காருக்குள்ளும் அடங்கியது. 1936 இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது.

அமெரிக்காவில் இதற்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் கிளெசி கம்மின்ஸ். இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் ஒரு வங்கியாளரிடம் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். அந்த வங்கியாளரின் முதலீட்டில் 1919 இல் எஞ்சின் நிறுவனம் தொடங்கினார். 1930 ஜனவரியில், பழைய பேக்கார்ட் கார் ஒன்றில் டீசல் எஞ்சினைப் பொருத்தி இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிச் சென்றார். அந்தப் பயணத்துக்கு ஆன எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட் மட்டுமே! அவர் பெயரைத் தாங்கிய எஞ்சின் அறுபது ஆண்டுகள் கழித்துப் பிக்கப்புகளின் தலையெழுத்தை மாற்றியது.

முதல் பாடம்: தண்ணீர்

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்கள் எரிபொருள் சிக்கனத்தைத் தேடினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபீல் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினை 1978 மாடலில் கார்களிலும் பிக்கப்புகளிலும் கொடுத்தது. பெட்ரோல் வி8 எஞ்சினின் வடிவத்தை ஒட்டியே இது உருவாக்கப்பட்டது. பிளாக்கை வலுவாக்கியவர்கள், ஹெட் போல்டுகளின் அமைப்பைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். டீசலின் அதிக அமுக்கத்தில் போல்டுகள் இழுபட்டன. ஹெட் காஸ்கெட்டுகள் போயின.

அதைவிடப் பெரிய குறை, டீசலில் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் அதில் இல்லாதது. டீசல் பம்பின் உறுப்புகள் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் உரசி ஓடுபவை. அவற்றுக்கு மசகே அந்த டீசல்தான். தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும், தேயும். பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் சிலர் தண்ணீரை முறிக்க ஆல்கஹால் கலந்த மருந்தை டாங்கில் ஊற்றினார்கள். அது பம்பின் ரப்பர் சீல்களைக் கெடுத்து நிலைமையை இன்னும் மோசமாக்கியது. வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1985 உடன் அந்த எஞ்சினின் காலம் முடிந்தது.

பின்னாளைய பிக்கப் உரிமையாளர்கள் மறக்காத முதல் பாடம் இதிலிருந்து வந்தது எனலாம். டீசல் வண்டியில் பில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். பில்டரின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். சில டாலர்களில் முடியும் இந்த வேலையைச் செய்யாதவர்கள் பின்னர் ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள்.

ஸ்பேனர் காலம்

1982 இல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எஞ்சினும், 1983 மாடலில் ஃபோர்டு பிக்கப்பில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் எஞ்சினும் வந்தன. இவை டீசலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வேகம் குறைவு, உழைப்பு அதிகம்.

இன்டர்நேஷனல் எஞ்சின்கள், குறிப்பாக 1988 இல் வந்த 7.3 லிட்டர், உரிமையாளர்களுக்கு ஒரு புதுவிதச் சோதனையைத் தந்தன. டீசல் வெடிக்கும் அதிர்ச்சியில் சிலிண்டர் சுவர் மணி போல அதிர்கிறது. சுவரின் வெளிப்பக்கம் இருக்கும் கூலண்டில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைவும் இரும்பைத் துளித்துளியாக அரிக்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் சுவரில் ஊசித் துளை விழுந்து, கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இதற்கு மருந்து கூலண்டில் கலக்கும் ஒரு ரசாயனம். அது சுவரின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக் காகிதம் உண்டு. அதை நனைத்து நிறம் பார்த்தவர்களின் வண்டிகள் நீண்ட நாள் ஓடின. கூலண்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் என்று நினைத்தவர்களின் பிளாக்குகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

1989 மாடலில் டாட்ஜ் பிக்கப், கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் வந்தது. குதிரைத் திறன் 160 தான். ஆனால் இழுவிசை 400 பவுண்டு அடி. டிராக்டருக்கும் லாரிக்கும் ஏற்ற குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் அது. டர்போ உண்டு, சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் என்ற தொல்லை இல்லை, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஒரு கம்பி வலை மட்டுமே. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதை ஓட்டிக்கொண்டிருக்கக் கம்ப்யூட்டர் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த வண்டிகளில்தான் உரிமையாளரின் கைவித்தை முழுமை பெற்றது. சில உதாரணங்கள்:

1. இரவு முழுவதும் நிறுத்திய வண்டி காலையில் நீண்ட நேரம் சுற்றினால்தான் கிளம்புகிறது என்றால், எங்கோ காற்று இழுக்கிறது. பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கும். டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம் என்பதால் இது பலரை ஏமாற்றியது. வழியில் சிறிது தூரம் கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தால் குமிழிகள் காட்டிக் கொடுத்துவிடும்.

2. ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்ற சந்தேகம் வந்தால், ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியும் எஞ்சின் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி.

3. புகையே ஒரு மொழி. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் பில்டர் அடைப்பையும் டர்போ குழாய்க் கசிவையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அல்லது கூலண்ட். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

அந்தப் பலசாலி எஞ்சினிலும் ஒரு சிறிய எமன் இருந்தது. முன்பக்கக் கியர் உறையைப் பொருத்தும்போது இடம் பிசகாமல் இருக்க வைத்த ஓர் இரும்பு முளை, அதிர்வில் மெல்ல மெல்ல நழுவிக் கியர்களுக்கிடையே விழக்கூடும். விழுந்தால் எஞ்சினே நாசம். உரிமையாளர்கள் இதைக் ‘கொலைகார முளை’ என்று அழைத்தார்கள். தீர்வு என்னவோ எளிமையானது: முளையின் முன்னால் ஒரு சிறு தகட்டைப் போல்டால் இறுக்கிவிட்டால் அது நகராது. ஒரு சனிக்கிழமை வேலை. இப்படித் தகடு போட்டுத் தப்பித்த வண்டிகள் ஏராளம். ஒருவர் கண்டுபிடித்ததை நூறு பேர் கேட்டுச் செய்துகொண்ட காலம் அது.

கம்ப்யூட்டர் வருகிறது

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, எரிபொருளை மேலும் நுணுக்கமாக அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 6.5 லிட்டர் எஞ்சினில் 1994 இல் மின்னணு பம்பு வந்தது. பம்பை இயக்கும் மின்னணுப் பெட்டியைச் சூடான பம்பின் மேலேயே பொருத்தினார்கள். சூட்டில் அது செத்துப் போகும். வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். உரிமையாளர்கள் அந்தப் பெட்டியைக் கழற்றி, நீள ஒயர் போட்டு, அலுமினியத் தகட்டில் ஏற்றி, காற்று படும் இடத்தில் மாட்டினார்கள்.

1994 இல் ஃபோர்டில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்ஜெக்டர்களை இயக்கியது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். அந்த அழுத்தம் ஏறத்தாழ 500 பி.எஸ்.ஐ. வராமல் எஞ்சின் கிளம்பாது. ஆகவே ‘வண்டி கிளம்பவில்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது டீசலை அல்ல, ஆயில் அளவை! பெட்ரோல் வண்டியிலிருந்து மாறியவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. இதே எஞ்சினில் கேம் ஷாஃப்டின் நிலையைச் சொல்லும் சிறிய சென்சார் ஒன்று முன்னறிவிப்பின்றிப் பழுதாகும். விஷயம் தெரிந்தவர்கள் உபரி சென்சார் ஒன்றையும் அதைக் கழற்ற ஒரு ஸ்பேனரையும் வண்டியின் முன்பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். 2007 இல் ஃபோர்டு நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து அதை மாற்றிக் கொடுத்தது.

டாட்ஜில் 1998 நடுவில் வந்த 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சினின் மின்னணு பம்பு, தன் வழியே பாயும் டீசலாலேயே குளிர்ந்து மசகு பெறுவது. அதற்கு டீசலை அனுப்பும் சிறிய லிஃப்ட் பம்பு பலவீனமானது. லிஃப்ட் பம்பு மெல்லச் சாகும்போது வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெரிய பம்பு பட்டினியில் தேய்ந்துகொண்டிருக்கும். சிறிய பம்பின் விலையைப் போலப் பல மடங்கு பெரிய பம்பின் விலை. எனவே ஓட்டுநர் முன்னால் ஒரு டீசல் அழுத்தமானி பொருத்திக்கொள்வது வழக்கமாயிற்று. முழுச் சுமையில் முள் 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் லிஃப்ட் பம்பை மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நோயை வந்த பின் தேடாமல் வரும் முன் அளந்து பார்ப்பது என்ற மாற்றம் இங்கே நிகழ்ந்தது. ஸ்பேனரோடு மானியும் உரிமையாளரின் கருவியாயிற்று.

டீசலே மாறியது

1993 இல் அமெரிக்கச் சாலை டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்காகக் குறைக்கப்பட்டது. 2006 முதல் அது 15 பங்காயிற்று. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பும் குறைந்தது. பழைய பம்புகளின் சீல்கள் புது டீசலில் சுருங்கிக் கசிந்தன. இதற்காக 2005 முதல் வழவழப்புக்கும் ஒரு தர அளவு விதிக்கப்பட்டது. வண்டி மாறவில்லை, ஓட்டுநர் மாறவில்லை. ஊற்றும் திரவம் மாறியதாலேயே பழுது வரலாம் என்பதை உரிமையாளர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு சங்கிலியின் கதை

2003 மாடல் ஃபோர்டில் வந்த 6.0 லிட்டர் எஞ்சினைப் போலப் பேசப்பட்ட எஞ்சின் வேறில்லை எனலாம். புகையின் ஒரு பகுதியைக் குளிரச் செய்து மறுபடி எஞ்சினுக்குள் விடும் குளிர்விப்பான் அதில் இருந்தது. அது அடிக்கடி வெடித்தது. மாற்றினார்கள், மறுபடியும் வெடித்தது.

காரணம் வேறிடத்தில் இருந்தது. கூலண்டிலுள்ள மணலும் கசடும் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளை அடைத்தன. அடைத்ததால் அடுத்திருந்த புகைக் குளிர்விப்பானுக்குப் போகும் கூலண்ட் குறைந்தது. அது கொதித்து வெடித்தது. கூலண்ட் எஞ்சினுக்குள் போனது. அழுத்தம் ஏறி ஹெட் போல்டுகள் நீண்டு, காஸ்கெட் போனது. பெரிய வேலைக்கு ஓட்டுநர் அறையையே சட்டத்திலிருந்து தூக்கி எடுத்தார்கள் பல மெக்கானிக்குகள்.

இந்தச் சங்கிலியை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும்போது ஆயில் வெப்பத்தையும் கூலண்ட் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைக்கிறது. வண்டியின் கண்டறிசாக்கெட்டில் சொருகும் ஒரு சிறு கருவி இதைக் காட்டிவிடும். உத்தரவாதச் செலவு யாருடையது என்று ஃபோர்டும் எஞ்சினைத் தயாரித்த நவிஸ்டாரும் 2007 இல் நீதிமன்றம் போய் 2009 இல் சமரசம் செய்துகொண்டன. ஆனால் உத்தரவாதம் முடிந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கிய தொழிலாளிக்கு அந்தச் சமரசத்தில் பங்கில்லை. இரண்டு வெப்ப எண்களைப் பார்க்கத் தெரிந்திருந்ததே அவருக்குக் காப்பு.

அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூரமாக்ஸ் எஞ்சினில் இன்ஜெக்டர்கள் கசிந்தன. 2001 முதல் 2004 வரையிலான அந்த எஞ்சின்களுக்கு நிறுவனம் 7 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் வரை இன்ஜெக்டர் உத்தரவாதம் தர நேர்ந்தது. ஆயில் அளவு குறையாமல் கூடினால் டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். இந்த எஞ்சின்களில் டீசல் அழுத்தம் 20,000 பி.எஸ்.ஐ.க்கு மேல். பழைய வழக்கப்படி நட்டைத் தளர்த்திப் பார்ப்பதோ, கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதோ கூடவே கூடாது. தோலைத் துளைத்து டீசல் உள்ளே பாய்ந்தால் விரலையே இழக்க நேரிடும். தந்தை கற்ற வித்தை மகனுக்கு ஆபத்தாக மாறியது இங்கேதான்.

புகையா, உரிமையா?

2007 முதல் புதிய டீசல் பிக்கப்புகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், 2010 ஐ ஒட்டி யூரியாக் கரைசலால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் வந்தன. கரி நிறைந்ததும் வடிகட்டி தன்னைச் சூடாக்கி எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சென்சார்கள் பழுதாகும், கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தைக் கட்டிப்போடும். அவசர வேலைக்குக் கிளம்பிய விவசாயி தன் சொந்த வண்டியில் ஊர்ந்து செல்ல வேண்டிய நிலை.

இதற்குப் பலர் கண்ட வழி, அந்தக் கருவிகளையே கழற்றி எறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. அமெரிக்கச் சட்டப்படி இது குற்றம். ஆனாலும் பத்தாண்டுகளில் 5,50,000 க்கும் மேற்பட்ட பிக்கப்புகளில் இப்படிச் செய்யப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 இல் கணக்கிட்டது. அவை தம் ஆயுளில் கூடுதலாக வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன் என்றும் அது மதிப்பிட்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இலேயே அறிவித்திருந்தது.

ஆகவே ‘என் வண்டி, என் இஷ்டம்’ என்ற வாதம் பாதி உண்மைதான். வண்டி அவருடையது, புகை எல்லோருடைய மூக்கிலும் போகிறது.

அதற்காக நிறுவனங்கள் சுத்தமானவை என்றும் சொல்வதற்கில்லை. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப்புகள் ஏறத்தாழ 6,30,000 இல் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில் இதன் விவரங்கள் வெளியாயின. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டது. 1 டாலர் 38 சென்டில் நியூயார்க் போனவர் தொடங்கிய நிறுவனத்துக்கு இப்படியொரு அத்தியாயம்.

நடுவே ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. 2012 இல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், பழுதுபார்க்கும் தகவல்களை உரிமையாளருக்கும் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2014 இல் கார் நிறுவனங்கள் அதை நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொள்ள உடன்பட்டன. வடிகட்டியைக் கழற்றாமல் அதை ஒழுங்காகப் பராமரிக்கவும் உரிமையாளருக்கு அந்தத் தகவல் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது. கதவைப் பூட்டி வைத்தால்தான் சிலர் சுவரேறிக் குதிக்கிறார்கள்.

முடிவுரை

ஓல்ட்ஸ்மொபீலின் தண்ணீரிலிருந்து இன்றைய யூரியாக் கரைசல் வரை பழுதுகள் எவ்வளவோ மாறிவிட்டன. தேடும் முறை மட்டும் மாறவில்லை. காற்று, டீசல், அமுக்கம் என்ற மூன்றில் தொடங்க வேண்டும். மலிவானதையும் எளிதானதையும் முதலில் பார்க்க வேண்டும். பில்டர், பேட்டரி முனை, ஆயில் அளவு, கூலண்ட் அளவு ஆகியவற்றைப் பார்த்த பிறகே பம்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகிக்க வேண்டும். உடைந்த உறுப்பை மாற்றுவதோடு நிற்காமல், அது ஏன் உடைந்தது என்றும் கேட்க வேண்டும். 6.0 எஞ்சினில் குளிர்விப்பானை மட்டும் மாற்றியவர்கள் இரண்டு முறை செலவழித்தார்கள். ஆயில் கூலரைப் பார்த்தவர்கள் ஒரு முறையோடு நிறுத்தினார்கள்.

வண்டியின் சாவி கையில் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அது என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்தவரே உண்மையான உரிமையாளர். அவர் வெளிவிடும் புகைக்கும் அவரே பொறுப்பு.